சீனியர் நோட்டும் செயலியும்

எண்பதுகளில் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு முதல் செலவு எலும்பு செட். இரண்டாம் ஆண்டுக்குப் போகும் சீனியர் அண்ணனோ அக்காவோ பழைய தகரப் பெட்டியில் வைத்திருப்பதைப் பேரம் பேசி வாங்க வேண்டும். உள்ளே பாதி மனிதன்: ஒரு கை, ஒரு கால், கொஞ்சம் விலா எலும்பு, நூலில் கோத்த முதுகெலும்புகள், மேல்மூடி தனியாகக் கழன்று வரும் ஒரு மண்டையோடு. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையிலும் நீல மையிலும் கோடு போட்டிருக்கும். தசை புறப்படும் இடம் சிவப்பு, போய்ப் பற்றும் இடம் நீலம். அந்த மை ஒருவர் போட்டதாக இருக்காது. நாலைந்து பேட்ச் கைமாறி வந்த எலும்பில், மங்கிய கோட்டின் மேல் அடுத்தவர் மறுபடி வரைந்திருப்பார். தொடை எலும்பின் பின்புறம் நீளவாக்கில் ஓடும் சொரசொரப்பான மேட்டில் எத்தனை தசைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒட்டுகின்றன என்பதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்தவர்கள் குறைவு. அதன் மேல் விரலை ஓட்டித்தான் பலருக்கும் பிடிபட்டது.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள். அவற்றை ஒரு பைக்குள் போட்டு, கண்ணால் பார்க்காமல் ஒவ்வொன்றாகத் தடவி, பெயரைச் சொல்லி வெளியே எடுப்பது விடுதி அறைகளில் இரவு நேரப் பயிற்சி. கொக்கி இருந்தால் ஹேமேட், பட்டாணி அளவுக்கு இருந்தால் பிசிஃபார்ம். காலில் இருக்கும் ஃபிபுலாதான் எல்லோரையும் படுத்தும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் எக்ஸாமினர் அதைக் கையில் கொடுத்து "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் பாதிப் பேருக்கு வியர்த்துவிடும். கீழ்முனையில் உள்ள முக்கோண மூட்டுப்பரப்பு உள்பக்கம் பார்க்க வேண்டும். அதை ஒட்டிய குழி பின்னால் இருக்க வேண்டும். விரல் இந்த இரண்டையும் தேடிப் பிடித்துவிட்டால் பதில் வந்துவிடும். ஃபிபுலாவைப் பக்கம் சொல்வது எப்படி என்று எழுதி வைத்த நோட்டு எதுவும் அந்த நேரத்தில் கைகொடுக்காது.

இன்றைய முதலாண்டு மாணவர்களில் பலர் ஃபைபரில் வார்த்த எலும்புகளை வைத்துப் படிக்கிறார்கள். டேப்லெட்டில் முப்பரிமாணச் செயலியைத் திறந்தால் தோல், தசை, ரத்தக்குழாய், நரம்பு என்று அடுக்கடுக்காக நீக்கிப் பார்க்கலாம். நீக்கியதை மறுபடி போர்த்தவும் செய்யலாம். டிஸெக்‌ஷன் ஹாலில் கத்தி தவறி அறுந்த நரம்பு அறுந்ததுதான். இடுப்புக்குழியின் ஆழத்தையும் மண்டையோட்டின் அடித்தளத்தையும் புரிந்துகொள்ள இத்தனை நல்ல வழி எங்கள் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பதில் எனக்கு மனமார மகிழ்ச்சி. ஆனால் வார்ப்பு எலும்பில் அந்தச் சொரசொரப்பு வழவழத்துப் போயிருக்கிறது; திரையில் அது அறவே இல்லை. நேரமும் சுருங்கிவிட்டது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றுக்கும் சேர்த்து முன்பு ஒன்றரை ஆண்டு கொடுத்தார்கள். 1997-இல் மருத்துவக் கவுன்சில் விதிகளை மாற்றியபோது அது ஓராண்டானது. பாடமோ குறையவில்லை, கூடியிருக்கிறது. பைக்குள் கையை விட்டுத் துழாவ இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

எலும்பைப் போலவே சீனியரிடமிருந்து வந்து சேர்ந்தவை நிமோனிக்குகள் என்னும் நினைவு வாசகங்கள். அவை எந்தப் புத்தகத்திலும் இருக்காது, வாய்வழியாகத்தான் வரும். மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு நரம்புகளின் வரிசைக்கு, ஒலிம்பஸ் மலை உச்சியில் ஒரு ஃபின்லாந்துக்காரனும் ஒரு ஜெர்மானியனும் நிற்கிற ஆங்கில வாசகம் ஒன்று உண்டு. உசிலம்பட்டியிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒலிம்பஸையும் பார்த்ததில்லை, அதில் வரும் ஹாப்ஸ் செடியையும் பார்த்ததில்லை. ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வார்கள். அந்த வாசகத்தின் பலவீனம் தேர்வு அறையில்தான் தெரியும். முதல் மூன்று சொற்களும் ஓ-வில் தொடங்குகின்றன. முதல் மூன்று நரம்புகளின் பெயர்களும் ஓ-வில் தொடங்குகின்றன. முகர்வதற்கான நரம்பு முதலாவதா, பார்ப்பதற்கான நரம்பு முதலாவதா என்று வாசகம் சொல்லித் தராது. அதைத் தனியாகத்தான் நெட்டுருப் போட வேண்டும்.

அன்று புழங்கியவற்றில் ஆபாசமானவை ஏராளம். முதல் எழுத்துகள் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெண்ணின் உடலைக் கேலி செய்யும் வரிகளை வகுப்பிலேயே சிரிப்புக்கிடையில் சொன்ன ஆசிரியர்கள் உண்டு. ஒரே டேபிளில் பிரேதத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று படித்த மாணவிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். சிலர் தங்களுக்குள் வேறு வரிகளைக் கட்டிக்கொண்டார்கள். அசிங்கமாக இருந்தால்தான் மனத்தில் நிற்கும் என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது. விசித்திரமானது மனத்தில் நிற்கும் என்பது உண்மை. விசித்திரம் யாரையும் அவமதிக்கத் தேவையில்லை. இன்று நான் பார்க்கும் வகுப்புகளில் அந்த வரிகள் கேட்பதில்லை. சொன்னால் மாணவிகள் எழுந்து கேள்வி கேட்பார்கள். இந்த மாற்றம் எந்தச் செயலியாலும் வந்ததல்ல. பல மருத்துவ வகுப்புகளில் மாணவிகளே அதிகம் என்றாகிவிட்டதால் வந்தது.

நல்ல நிமோனிக் எது என்பதற்கு எனக்கு ஒரே அளவுகோல்: நோயாளியின் முன்னால் அது வேலை செய்ய வேண்டும். கண்ணை அசைக்கும் தசைகளுக்கு எல்.ஆர். 6, எஸ்.ஓ. 4 என்று ஒரு சூத்திரம். வெளிப்பக்கத் தசைக்கு ஆறாம் நரம்பு, மேல் சாய்தசைக்கு நான்காம் நரம்பு, மீதி எல்லாவற்றுக்கும் மூன்றாம் நரம்பு. ஒரு கண் வெளிப்பக்கம் திரும்பவில்லையா, ஆறாம் நரம்பு. அவ்வளவுதான். இதைவிடவும் அருமையானது ஸ்கால்ப். உச்சந்தலையைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகளும் தலையின் ஐந்து அடுக்குகள்: தோல், அதன் கீழ் அடர்ந்த இணைப்புத்திசு, அதன் கீழ் அப்போநியூரோசிஸ் என்னும் தகட்டு நாண், அதன் கீழ் தளர்ந்த திசு, கடைசியாக எலும்பைப் போர்த்திய சவ்வு. இரண்டாம் அடுக்கில் ரத்தக்குழாய்கள் இறுகப் பிடித்திருப்பதால் அறுந்தால் சுருங்காது. தலைக்காயம் சின்னதானாலும் ரத்தம் கொட்டும். நான்காம் அடுக்கு தளர்ந்தது. அங்கே ரத்தமோ சீழோ தேங்கினால் தலை முழுவதும் பரவும். மண்டையோட்டைத் துளைத்துச் செல்லும் சிரைகள் வழியாகக் கிருமி உள்ளே போகும். நேற்றுப் பின்தலையில் அடிபட்டவர் இன்று காலை இரண்டு இமையும் கறுத்து வீங்கி கேஷுவாலிட்டிக்கு வருவார். "கண்ணுல அடியே படலைங்க டாக்டர்" என்பார். நெற்றித் தசை முன்பக்கம் எலும்பில் ஒட்டாததால் நான்காம் அடுக்கில் தேங்கிய ரத்தம் இமைக்குள் இறங்கியிருக்கும். மண்டையின் அடித்தளம் உடைந்தாலும் இமை இப்படித்தான் கறுக்கும். அதனால் ஸ்கேன் எடுத்து அதை விலக்கிவிட்டுத்தான் அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். ஐந்தெழுத்தை மனப்பாடம் செய்தவர்களில் இந்த இரண்டு வழிகளையும் யோசிப்பவர்தான் பாடத்தைப் படித்தவர்.

பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பிட 1952-இல் வர்ஜீனியா அப்கார் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். பத்தாண்டு கழித்து வேறொரு மருத்துவர் அவர் பெயரின் ஐந்து எழுத்துகளுக்கும் ஐந்து சோதனைகளைப் பொருத்திவிட்டார்: நிறம், நாடித்துடிப்பு, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு. ஒருவருடைய பெயரே நினைவுக் கயிறாகிப் பிரசவ அறைகளுக்கெல்லாம் போனது.

நோட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய நோட்டு கரும்பலகையிலிருந்து பிறந்தது. உடற்கூறியல் பேராசிரியர் வண்ணச் சாக்பீஸில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள் என்று வரைந்துகொண்டே போவார். மாணவன் அதே நிறப் பென்சில்களை வரிசையாக வைத்துக்கொண்டு பின்னால் ஓடுவான். டேபிளில் ஒருவர் கன்னிங்ஹாமின் செய்முறை நூலை உரக்கப் படிக்க, மற்றவர்கள் அறுப்பார்கள். அந்த நூலின் பக்கங்களில் ஃபார்மலினும் கொழுப்பும் ஏறி, விடுதிக்குக் கொண்டுபோனால் அறையே நாறும். நூலகத்தில் கிரேயின் உடற்கூறியல் நூலுக்குக் காத்திருப்போர் அதிகம். குவாலியர்ப் பேராசிரியர் சௌராசியாவின் நூல் வந்து இந்திய மாணவர்களுக்குப் பெரிய ஆறுதல் தந்தது. கையால் அப்படியே வரையக்கூடிய எளிய கோட்டுப் படங்கள். தேர்வில் கேட்கும் வரிசையில் தலைப்புகள்.

படத்தின் மேலேயே பெயரை எழுதுவது என்னும் உத்திக்கு வயது அதிகம். 1858-இல் லண்டனில் கிரேயின் நூல் வெளிவந்தபோது அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். எழுத்துக்குறி போட்டுக் கீழே பட்டியல் கொடுப்பதற்குப் பதிலாக, நரம்பின் மேலேயே நரம்பின் பெயரை, தசையின் மேலேயே தசையின் பெயரை எழுதிவிட்டார். படிப்பவர் கண் படத்தை விட்டு நகர வேண்டியதில்லை. அதே ஆண்டு அவர் இந்தியா வந்து, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். மதுரையின் பெயர் தாங்கிய மதுரா ஃபுட் என்னும் பூஞ்சைக் கால் நோயை ஆராய்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். கிரேயின் நூல் அவர் முயற்சியில் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது. லண்டன் பதிப்புக்கும் இதற்கும் இடைவெளி பதினான்கு ஆண்டுதான். இன்றும் இதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கிரீனுக்கு முன்னும் தமிழில் மருத்துவம் மனப்பாடமாகத்தான் வாழ்ந்தது. சித்த மருத்துவ நூல்கள் செய்யுளில் இருப்பது ஓசை நினைவைத் தாங்கும் என்பதால். திரிகடுகம் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி. திரிபலா என்றால் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய். எண்ணைச் சொன்னால் சரக்கு வரிசை பின்னால் வந்துவிடும்.

அன்றைய தேர்வு கட்டுரைத் தேர்வு. அதற்கேற்ற நினைவுக் கருவி முதலெழுத்து வாசகங்களைவிடத் தலைப்பு வரிசையாகவே இருந்தது. இடுப்பு மூட்டைப் பற்றி எழுதச் சொன்னால் வகை, மூட்டுப்பரப்பு, தசைநார், சுற்றியுள்ள உறுப்புகள், ரத்த ஓட்டம், நரம்பு, அசைவு, நோய்த் தொடர்பு என்று வண்டி தானாக ஓடும். டைபாய்டு என்றால் காரணம், பரவும் வழி, திசுக்களில் நடப்பது, அறிகுறி, சோதனை, மருந்து, சிக்கல், தடுப்பு. அறுவை சிகிச்சைப் பிரிவில் இதன் உச்சம் 'சல்லடை' என்று சொல்லப்படும் வரிசை. தெரியாத வீக்கம் ஒன்றைக் கண்டால் பிறவியில் வந்ததா, அடிபட்டதா, கிருமியா, சாதாரணக் கட்டியா, புற்றா என்று ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்ப்பது. விடை தெரியாத மாணவனும் பக்கத்தை நிரப்ப இது உதவியது என்பது உண்மைதான். ஆனால் அதே மாணவன் நடுராத்திரி வார்டில் தனியாக நிற்கும்போது, எதையும் விட்டுவிடாமல் யோசிக்க வைத்ததும் இதே வரிசை. மருத்துவப் படிப்பின் நினைவுக் கருவிகளில் மிக உயர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன். இன்றைய தேர்வில் இதற்கு மதிப்பெண் குறைந்துகொண்டே வருவது கவலையாக இருக்கிறது.

தொண்ணூறுகளில் கல்லூரி வாசல்களில் ஜெராக்ஸ் கடைகள் பெருகின. தங்கப்பதக்கம் வாங்கிய சீனியரின் நோட்டைக் கடைக்காரர் மூலப்பிரதியாக வாங்கி வைத்துக்கொள்வார். "ஃபைனல் இயரா தம்பி? மெடிசினா, சர்ஜரியா?" என்று கேட்டு, ஸ்பைரல் போட்டுக் கொடுப்பார். இதில் ஆபத்தும் இருந்தது. நகலின் நகலை நகலெடுக்கும்போது மங்கல் கூடும். டிகாக்சின் .25 மில்லிகிராம் என்று எழுதியிருப்பதில் புள்ளி காணாமல் போய்விடும். படிப்பவர் கவனிக்காவிட்டால் அது 25. மருந்தியல் ஆசிரியர்கள் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடு என்று கத்திக் கத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான். முன்னால் பூஜ்யம் இருந்தால், புள்ளி மங்கினாலும் ஏதோ தவறென்று கண்ணில் படும். வேறொன்றும் அந்தக் கடைகளில்தான் மாறியது. அதுவரை நோட்டு எழுதியவரிடமே இருந்தது. இரவல் வாங்கினாலும் உட்கார்ந்து கையால் பிரதி எடுக்க வேண்டும். எடுக்கும்போதே பாதி மனத்தில் ஏறிவிடும். ஜெராக்ஸ் வந்தபின் எழுதாத நோட்டைக் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது.

இன்றைய மாற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதைப் பெருமரமாக்கியது மேற்படிப்பு நுழைவுத்தேர்வு. 2017 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான நீட் பி.ஜி. இன்று அது கணினி முன் மூன்றரை மணி நேரம், 200 கேள்விகள், 800 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிப்பு. பத்தொன்பது பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். எம்.பி.பி.எஸ். முடித்தவர் எலும்பு மருத்துவராவதா, குழந்தை மருத்துவராவதா என்பதை அந்த ஒரு நாளின் தரவரிசை நிர்ணயிக்கிறது. ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே மேரோ, பிரெப்லேடர் போன்ற செயலிகளுக்குச் சந்தா கட்டுகிறார்கள். பாட வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, கூடவே வரும் அச்சிட்ட நோட்டில் கோடிட்ட இடங்களை நிரப்புகிறார்கள். அதன்பின் கேள்வி வங்கி, பிறகு கிராண்ட் டெஸ்ட். விடுதி அறைகளில் நோட்டுகளின் பதிப்பு எண்ணைச் சொல்லித்தான் பேச்சே நடக்கிறது.

இதில் நியாயம் ஒன்று நடந்திருப்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று நல்ல நோட்டு கிடைப்பது, நல்ல சீனியர் கிடைப்பதைப் பொறுத்தது. நல்ல சீனியர் கிடைப்பது ஊரையும் உறவையும் ஆங்கிலத்தையும் பொறுத்தது. கோச்சிங்குக்காக டெல்லி போய்த் தங்கிப் படிக்க வசதியானவர்களால்தான் முடிந்தது. இன்று திருவாரூர் கல்லூரி மாணவிக்கும் ராமநாதபுரம் கல்லூரி மாணவனுக்கும் டெல்லியில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே ஆசிரியரின் அதே பாடம் கிடைக்கிறது. சந்தா கட்டக் காசு வேண்டும் என்பது தனிப் பிரச்சினை. அதைக் கட்ட முடியாதவர்கள் டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் பிரதிகளைத் தேடுகிறார்கள். அந்த நிலைக்கு அவர்களை விடாமல் கல்லூரி நூலகங்களே சந்தா கட்டிவிடலாம்.

நினைவைப் பற்றிய அறிவியலும் இன்றைய மாணவர் பக்கம்தான் நிற்கிறது. ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் 1885-இல் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்து எழுதினார். 1972-இல் லைட்னர் அட்டைப்பெட்டி முறையைச் சொன்னார்: தெரிந்த அட்டை பின்னறைக்குப் போய்ச் சில நாள் கழித்து வரும், தெரியாதது முன்னறையிலேயே இருந்து நாளைக்கே வரும். 2006-இல் வந்த ஆங்கி செயலி இந்த வேலையைக் கணக்குப் போட்டுச் செய்கிறது. மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையை நீட்டுகிறது. பதிலை நினைவுகூர்ந்தபின் எளிதா, கடினமா என்று கேட்டு அடுத்த தேதியைக் குறிக்கிறது. அதே 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தன்னம்பிக்கை அதிகமாக இருந்தது என்பது இதில் கவனிக்க வேண்டியது. விடுதி மொட்டைமாடியில் இரண்டு பேர் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டபோது அன்றைய மாணவர்கள் செய்ததும் இதுதான். அன்று இதற்கு ஒரு தோழன் வேண்டும். இன்று தனியாகவே செய்யலாம். விடுப்பில் ஊருக்குப் போகும் பேருந்திலும் செய்யலாம்.

குறை எங்கே என்றால், அட்டையும் வாங்கியது, நோட்டும் வாங்கியது, நிமோனிக்கும் வாங்கியது என்று ஆகும்போது. நினைவு உத்தி, அதைக் கட்டியவருக்குத்தான் முழுப் பலன் தரும். பத்துக் காரணங்களை ஒரு வாக்கியத்தில் அடக்க முயல்கிறவர் எது முக்கியம், எது எதோடு சேரும், எதை விடலாம் என்று அரை மணி நேரம் யோசிக்கிறார். அந்த அரை மணி நேரம்தான் படிப்பு. பிறர் கட்டிய வாக்கியம் அந்த வேலையை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பத்து நிமோனிக் கொடுக்கிறது. மாணவர்கள் பத்தையும் சேமித்து வைக்கிறார்கள், ஒன்றும் நிற்பதில்லை.

இரவல் வரிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: அறிவு மாறினாலும் அவை மாறுவதில்லை. மாரடைப்புக்கு மோனா என்று பல தலைமுறை கற்றது. மார்ஃபின், ஆக்சிஜன், நைட்ரேட், ஆஸ்பிரின். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் எவரானாலும் மூக்கில் ஆக்சிஜன் மாட்டுவது கை தானாகச் செய்யும் வேலை. 2017-இல் ஸ்வீடனில் 6,629 பேரை வைத்து நடந்த ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருப்பவர்களுக்கு மேலும் ஆக்சிஜன் கொடுப்பதால் ஓராண்டு இறப்பு குறையவில்லை என்று காட்டியது. குறைந்தவர்களுக்கு மட்டும் கொடு என்று வழிகாட்டுதல்கள் மாறிவிட்டன. மார்ஃபினையும் யோசித்துத்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். நான்கு எழுத்தில் உறுதியாக நிற்பது ஆஸ்பிரின். ஆனால் மோனா இன்னும் வாயில் வருகிறது, அழகான பெயராகிவிட்டதால். எழுத்துகளின் வரிசை முக்கியத்துவத்தின் வரிசை ஆகாது என்பதையும் அது சொல்லாது. செயலிகள் இங்கே உதவலாம். ஓர் அட்டையைத் திருத்தினால் எல்லோரிடமும் திருந்தும். ஜெராக்ஸ் நோட்டில் அது நடக்காது.

சொந்தமாகக் கட்டியதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். முக நரம்பு காதுக்கு முன்னால் பரோட்டிட் சுரப்பிக்குள் ஐந்தாகப் பிரிகிறது: டெம்பொரல், ஜைகோமாட்டிக், பக்கல், மார்ஜினல் மாண்டிபுலர், செர்விக்கல். ஆங்கிலத்தில் மோட்டார் காரில் ஜான்ஜிபார் போகும் வாசகம் பிரசித்தம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவி தன் நோட்டில் எழுதி வைத்திருந்தது: "தெரு ஜன்னல் பக்கம் மாமி சிரித்தாள்." ஐந்து சொல், ஐந்து கிளை, நெற்றியிலிருந்து கழுத்து வரை அதே வரிசை. சிரிப்பு என்பது அந்த நரம்பின் வேலையாகவும் அமைந்துவிட்டது. அதற்குக் கீழே அவள் பரிசோதனையையும் எழுதியிருந்தாள், நோயாளியிடம் கேட்கும் விதத்திலேயே: "நெத்திய சுருக்குங்கம்மா. கண்ண இறுக்கி மூடுங்க. கன்னத்த உப்புங்க. பல்லக் காட்டுங்க. கழுத்த இறுக்குங்க." வாய் ஒரு பக்கம் கோணி, நெற்றியும் சுருங்காவிட்டால் பழுது நரம்பிலேயே இருக்கலாம், நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணினால் மூளையில் பக்கவாதமா என்று உடனே பார்க்க வேண்டும். பரோட்டிட் அறுவையில் மார்ஜினல் கிளைக்கு அடிபட்டால் கீழுதடு ஒரு பக்கம் இறங்காது. இவ்வளவும் அரைப் பக்கத்தில். எந்தச் சந்தாவிலும் இந்தப் பக்கம் கிடைக்காது.

2020 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதன் வழியாக வந்த பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயிரியலைத் தமிழில் படித்தவர்கள். முதலாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய பாடநூலின் ஓரங்களைப் பார்த்தால் பென்சிலில் தமிழ் நிறைந்திருக்கும்: மண்ணீரல், பெருந்தமனி, உதரவிதானம். தெரியாததைத் தெரிந்ததோடு முடிச்சுப் போடுவதுதான் நினைவின் அடிப்படை வேலை. அவர்களிடம் தெரிந்தது தமிழில் இருக்கிறது. இதை ஒரு குறையாக நினைத்து, மற்றவர் பார்க்காமல் நோட்டை மூடி வைத்துக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூட வேண்டாம் என்று சொல்வது ஆசிரியர்களின் பொறுப்பு. அறைக்கு நான்கு பேர் சேர்ந்து இந்த ஓரக்குறிப்புகளைத் தொகுத்து, படம் பிடித்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டு வருகிறார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால் தேர்வுக்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்கள். ஹவுஸ் சர்ஜன் ஆனபின் இதே குறிப்புகள் இன்னொரு விதத்தில் பயன்படுகின்றன: அறுவைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும்போது, பித்தப்பை எங்கே இருக்கிறது, கல் எங்கே அடைத்திருக்கிறது, எடுத்துவிட்டால் சாப்பாடு எப்படிச் செரிக்கும் என்று நோயாளியின் மகள் கேட்கிற கேள்விக்கெல்லாம், வார்டில் நின்று விளக்கிச் சொல்ல அவர்களால் முடிகிறது.